காதை மூடும் பட்டை... ஓரத்தில் ஒரு பந்து!

அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் பல ஊர்களில் பள்ளிக்கூட ஃபுட்பால் மேட்ச்தான். நம்மூர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். ஆகஸ்ட் கடைசியில் வியர்வையோடு தொடங்கும் சீசன், வடக்கு மாநிலங்களில் பல் தந்தியடிக்கும் குளிரில் போய் முடியும். மகன், மகள் வீட்டுக்குப் போயிருக்கும் தாத்தா பாட்டிகளும் பேரன் ஆடுகிறான், பேத்தி பேண்ட் வாசிக்கிறாள் என்று கேலரியில் உட்கார்ந்துவிடுவார்கள். திறந்தவெளி, ஜில்லென்ற பெஞ்ச், இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஸ்வெட்டர், ஜாக்கெட், கையுறை எல்லாம் இருக்கும். மாட்டிக்கொள்வது காதுதான்.

காரணம் எளிது. காது வெறும் குருத்தெலும்பும் மெல்லிய தோலும். மூடிக் காப்பாற்றக் கொழுப்பு கிடையாது. குளிர் ஏற ஏற உடம்பு, உள்ளுறுப்புகளுக்காக ரத்தத்தைப் பத்திரப்படுத்தும். விரல், மூக்கு, காதுக்குப் போவது குறையும். காது மரத்துப்போய் வெளுத்துவிட்டால் உடனே உள்ளே போய் வெதுவெதுப்பாக்க வேண்டும். பரபரவென்று தேய்க்கவே கூடாது, தோல் புண்ணாகும். உணர்ச்சி திரும்பாவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இந்த விளையாட்டில் குளிர் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே ஊரைச் சொல்வார்கள். 1967 டிசம்பர் 31 அன்று அங்கே நடந்த இறுதிப் போட்டிக்கு 'ஐஸ் பவுல்' என்றே பெயர். ஆட்டம் தொடங்கியபோது வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். நடுவர்களின் விசில் உறைந்துபோய், குரல் கொடுத்தே ஆட்டத்தை நடத்தினார்கள். கேலரியோ நிரம்பி வழிந்தது!

காது மூடிக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழசு. மெய்ன் மாநிலத்தின் ஃபார்மிங்டன் ஊரில் செஸ்டர் கிரீன்வுட் என்ற 15 வயதுப் பையன், 1873-ல் ஐஸ் ஸ்கேட்டிங் போனபோது காது குளிர் தாங்காமல் கம்பியை வளையமாக வளைத்துப் பாட்டியிடம் கொடுத்தான். அதில் துணியையும் மென்மயிரையும் பாட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தார் என்பது கதை. 1877-ல் அதற்குக் காப்புரிமை வாங்கி, பிறகு தொழிற்சாலையே வைத்துவிட்டார் கிரீன்வுட். அந்த ஊரில் டிசம்பர் தோறும் அவர் பெயரில் ஊர்வலம் நடக்கிறது. ஆக, பாட்டி கைவேலை இதில் முதலிலிருந்தே உண்டு.

கம்பி வைத்த மூடியை விட, தலையைச் சுற்றி வரும் பின்னல் பட்டைதான் வசதி. நழுவாது. ஜடையோ கொண்டையோ கலையாது. பாக்கெட்டில் சுருட்டி வைக்கலாம். அதன் ஓரத்தில் ஒரு குட்டி ஃபுட்பாலைக் குரோஷாவில் போட்டுத் தைத்துவிட்டால், குல்லா என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளையும் தானே கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளும்.

பட்டையை ஏன் நிட்டிங்கில் போட வேண்டும், பந்தை ஏன் குரோஷாவில் போட வேண்டும்? நிட்டிங்கில் ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணிக்குள் தளர்வாகக் கோத்து நிற்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் அந்தந்த இடத்திலேயே முடிந்துவிடும். அதனால் வடிவம் அப்படியே நிற்கும், அவ்வளவாக நீளாது. தலையைப் பிடிக்க வேண்டியதற்கு நீளும் துணி வேண்டும். பந்தாகத் தெரிய வேண்டியதற்கு நீளாத துணி வேண்டும். இரண்டையும் ஒரே ஊசியில் போட்டுவிடலாமே என்று நினைப்பவர்களின் பட்டை ஒரே மாதத்தில் லூஸாகிக் கழுத்துக்கு இறங்கிவிடும்.

முதலில் அளவு. காதுக்கு மேலாகத் தலையைச் சுற்றி டேப் வைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்குச் சுமார் 56 சென்டிமீட்டர் வரும். பட்டை அதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக, அதாவது 50 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தலை 51 இருக்கும் பிள்ளைக்கு 46 போதும். தலையளவுக்கே பின்னினால் காற்று உள்ளே புகும்.

நடுத்தர தடிமன் உல்லன் நூல் வாங்குங்கள். வெளிநாட்டு லேபிளில் 4 என்று எண் போட்டிருக்கும். பட்டைக்கு 50 கிராம் உருண்டை ஒன்று போதும். 5 மில்லிமீட்டர் நிட்டிங் ஊசி. ஊசியில் 10 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையையும் நிட்டாகவே போட்டு 4 சென்டிமீட்டர் பின்னுங்கள். இது பின்கழுத்துப் பக்கம். அடுத்து நான்கு வரிசைக்கு ஒருமுறை இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்ட வேண்டும். ஓரக் கண்ணியில் முன்னும் பின்னுமாக இரண்டு முறை பின்னினால் ஒன்று கூடிவிடும். இப்படி நான்கு முறை செய்தால் 18 கண்ணி. அகலம் சுமார் 10 சென்டிமீட்டர். காது முழுசாக மறைய இந்த அகலம் வேண்டும்.

அப்படியே நேராகப் பின்னிக்கொண்டே போய், ஆரம்பத்திலிருந்து 41 சென்டிமீட்டர் வந்ததும் (46 அளவுப் பட்டைக்கு 37) அதே கணக்கில் இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னிக் குறைத்து, மறுபடி 10 கண்ணிக்கு வந்து, 4 சென்டிமீட்டர் போட்டு முடியுங்கள். வரிசையை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இழுக்காமல் மேஜையில் கிடத்தி ஸ்கேல் வைத்து அளந்தாலே போதும். இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிட்டால் பட்டை தயார்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ஸ்வெட்டர் மணிக்கட்டில் போடும் ரிப், அதாவது இரண்டு நிட், இரண்டு பர்ல், இன்னும் நன்றாகப் பிடிக்குமே? பிடிக்கும், ஆனால் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். ரிப் நீளுவது அகலவாக்கில். இந்தப் பட்டையை நாம் நீளவாக்கில் பின்னுவதால், ரிப் போட்டால் நெற்றிக்கும் உச்சிக்கும் இடையில்தான் நீளும், தலையைச் சுற்றி அல்ல. எல்லாம் நிட்டாகப் போட்ட துணியோ நீளவாக்கில் நன்றாக இழுபடும். ரிப்தான் வேண்டுமென்றால் வட்ட ஊசியில் தலையைச் சுற்றும் நீளத்துக்குக் கண்ணி ஏற்றித்தான் போட வேண்டும்.

இனி பந்து. ஒரு காலத்தில் டி.வி.க்கு மேலே விரிக்கக் குரோஷா பின்னிய கைகளுக்கு இது அரை மணி நேர வேலை. காப்பிப்பொடி நிறத்தில் அதே தடிமன் நூல், 4 மில்லிமீட்டர் கொக்கி. இரண்டு சங்கிலி போட்டு, முதல் சங்கிலியில் இரண்டு சிங்கிள் குரோஷே. அடுத்த வரிசையில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் நான்கு. ஒரு வரிசை அப்படியே. பிறகு இரு ஓரத்திலும் ஒவ்வொன்று கூட்டி ஆறு. ஐந்து வரிசை ஆறிலேயே போங்கள். அப்புறம் வந்த வழியே இறங்க வேண்டியதுதான்: நான்கு, மறுபடி நான்கு, இரண்டு, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு வரிசையும் திரும்பும்போது ஒரு சங்கிலி. சுற்றிலும் ஒரு சுற்று சிங்கிள் குரோஷே போட்டு, இரண்டு முனையிலும் மட்டும் ஒரே இடத்தில் மூன்று போட்டால் கூர்மையாக நிற்கும். ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் நீளம் வரும்.

புத்தகம் பார்த்துப் பின்னுபவர்கள் கவனிக்க: அமெரிக்கப் புத்தகம் சிங்கிள் குரோஷே என்பதையே பிரிட்டிஷ் புத்தகம் டபுள் குரோஷே என்கிறது. கண்ணி ஒன்றுதான். இது தெரியாமல் பந்து பூசணிக்காய் அளவுக்குப் போனால் கையைக் குறை சொல்ல வேண்டாம்.

வெள்ளை நூலால் நடுவில் நீளமாக ஒரு தையல், அதன் குறுக்கே நான்கு குட்டித் தையல். இதுதான் பந்தின் லேஸ். முனைகளுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பட்டை போடலாமா என்பது யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பள்ளி, கல்லூரிப் பந்துகளில் வெள்ளைக் கோடு உண்டு. தொழில்முறை லீகான என்.எஃப்.எல். பந்தில் கிடையாது. ரசிகப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது இதைத்தான்! டீம் லோகோவைப் பின்னுவதை விடப் பந்தே மேல். டீம் மாறினாலும் பந்து மாறாது. விற்க நினைப்பவர்களுக்கு லோகோ உரிமைத் தொந்தரவும் இல்லை.

தைப்பதில்தான் பலரும் பட்டையைக் கெடுத்துவிடுகிறார்கள். நீளாத பந்தை நீளும் பட்டையில் சுற்றிலும் இறுக்கித் தைத்தால், அந்த 8 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டை நீளும் குணத்தை இழந்துவிடும். மாட்டும்போது நூல் அறும், இல்லையென்றால் பந்து சுருங்கி மடங்கும். வழி சமையலறையிலேயே இருக்கிறது. தலையளவு சுற்றளவுள்ள, அதாவது சுமார் 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் பட்டையை மாட்டுங்கள். நீண்டு நிற்கும் அந்த நிலையிலேயே பந்தைக் குண்டூசியால் குத்தி, நடுப்பகுதியை மட்டும் தளர்வாகத் தையுங்கள். இரண்டு முனைகளுக்கும் ஒரு விரல்கடை தைக்காமல் விட வேண்டும். குண்டூசிகளை எண்ணி எடுத்துவிடுங்கள்.

இடம்? காதுக்கு நேர் மேலே வேண்டாம். காதில் அழுத்தும், சத்தமும் மங்கும். நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே பக்கவாட்டில் வைத்தால் அழகு. சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் போடுவதற்கு இந்தப் பட்டை ஆகாது. மேடு தட்டி ஹெல்மெட் சரியாக உட்காராது. அதற்குப் பந்து இல்லாத மெல்லிய பட்டையாகப் பின்னிக் கொடுங்கள். கைக்குழந்தைக்கு இதுபோல் பின்னினால் மணி, பட்டன் எதையும் சேர்க்காதீர்கள்.

கனடாவில் இருப்பவர்கள் ஐஸ் ஹாக்கி பக் போட்டுக் கொடுக்கலாம். கறுப்பு நூலில் ஒரு வட்டம், அவ்வளவுதான். உண்மையான பக் 7.6 சென்டிமீட்டர் விட்டம்தான். அதே அளவில் பின்னினால் பட்டையின் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

பட்டைக்கும் பந்துக்கும் ஒரே ரக நூலாக எடுங்கள். அக்ரிலிக் என்றால் மெஷினில் போடலாம். அசல் கம்பளி வெந்நீரில் சுருங்கிக் கெட்டியாகிவிடும் என்பதால் பச்சைத் தண்ணீரில் கசக்காமல் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி, கொடியில் தொங்கவிடாமல் தட்டையாக விரித்துக் காய வையுங்கள்.