நாற்பது பெயர்களும் ஒரு சுவரும்

செய்யாற்றங்கரையில், எங்கள் மாகறல் பக்கம், கோயிலில் சாப்பாடு போட்டால் அன்னதானம் என்போம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சர்ச்சில் போட்டால் அதற்குப் பெயர் அசனம். அசனம் என்றால் உணவு, அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். சென்னை, மும்பை, துபாய் என்று சிதறிக் கிடப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு வராமல் போனாலும் அசனத்துக்கு லீவு போட்டுவிட்டு வருவார்கள்.

ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டித்தான் பெரும்பாலும் அசனம் நடக்கும். முந்தின நாள் ராத்திரியே காய் நறுக்க ஊர் கூடிவிடும். வெங்காயம் உரிக்கிற இடத்தில்தான் ஊர்க்கதை அத்தனையும் வெளியே வரும். பெரிய பெரிய அண்டாக்களில் சோறு பொங்கி, வடித்து, பாயில் மலையாகக் குவிப்பார்கள். ஜெபம் பண்ணிய பிறகுதான் பந்தி. சர்ச்சுக்குப் போகாத பக்கத்து வீட்டுக்காரரும் வந்து உட்காருவார். கடவுள் இத்தனை வருஷம் காப்பாற்றினார், அதற்கு நன்றி என்று ஒரு ஊர் சொல்கிற முறை இது.

எத்தனை வருஷம்? கணக்கு 1780-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பாளையங்கோட்டை சபையார் என்று ஒரு பட்டியல் எழுதினார்கள். மொத்தம் 40 பேர். பல சாதிக்காரர்கள். இன்று பல லட்சம் பேர் கொண்ட நெல்லைச் சீமைத் திருச்சபை தன் பிறப்புச் சான்றிதழ்போலப் பத்திரமாக நினைவில் வைத்திருப்பது அந்தப் பட்டியலைத்தான்.

அந்த நாற்பது பேரில் முக்கியமானவர் ஒரு பெண். பெயர் கிளாரிந்தா. தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டிய பிராமண விதவை. உடன்கட்டை ஏற வேண்டியவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்வார்கள். அவரோடு வாழ்ந்தபோதுதான் கிறிஸ்தவம் அறிமுகம். தஞ்சையிலிருந்த பாதிரியார் சுவார்ட்ஸிடம் போய் ஞானஸ்நானம் கேட்டார். முடியாது என்றுவிட்டார் சுவார்ட்ஸ். காரணம், கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறார்கள். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-ல்தான் கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். பிறந்த சமூகம் தள்ளியது. சேர விரும்பிய சமூகமும் வாசலில் நிறுத்தியது. அந்தப் பெண் கோபித்துக்கொண்டு போகவில்லை. பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஆலயம் கட்டினார். 1785-ல் அதைப் பிரதிஷ்டை செய்ய வந்தவர் யார் தெரியுமா? அதே சுவார்ட்ஸ்! உபதேசியார் வேண்டும் என்று தஞ்சைக்குப் போய்க் கேட்டு, சத்தியநாதன் என்பவரை வரவழைத்ததும் கிளாரிந்தாதான். ஜனங்களுக்குக் கிணறும் வெட்டிக் கொடுத்தார். ஆலயம் இன்றும் இருக்கிறது. ஊர் வாயில் அது 'பாப்பாத்தியம்மாள் கோயில்'. நெல்லைப் பக்கத்து எழுத்தாளர் அ. மாதவையா இவர் கதையில் மனம் லயித்து 1915-ல் ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். அவர் கிறிஸ்தவர் அல்லர்.

அதற்குப் பிறகு வளர்ச்சி வேகம்தான். 1820-ல் ஜெர்மானியரான ரேனியஸ் வந்தார். 1826-ல் ஊசிக்கோபுரம் என்று எல்லாரும் சொல்கிற ஆலயம் எழும்பியது. ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வந்தது. பெண் பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பனையேறிப் பிழைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் டீச்சராக, நர்ஸாக, டாக்டராக ஆனார்கள். இதெல்லாம் ஆண்டறிக்கைகளில் அழகாக வரும் விஷயங்கள்.

அறிக்கையில் அவ்வளவு அழகாக வராத ஒன்று உண்டு. பந்தி. சர்ச்சில் ஒன்றாகப் பாடுவார்கள், ஒன்றாக முழங்கால் போடுவார்கள், ஆனால் சாப்பாடு? ரேனியஸ் தன் மாணவர்கள் சாதி பாராமல் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று சொன்னபோது எதிர்ப்பு வந்தது. சாதியை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே வரும் மனசு ஒரு ஞானஸ்நானத்தில் வந்துவிடுவதில்லை.

கத்தோலிக்கர்களிடமும் இதே கதைதான். வடக்கன்குளம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே 1872-ல் கட்டிய ஆலயத்தின் அமைப்பே விநோதம். கால்சட்டை மாதிரி இரண்டு கால்கள். வேளாளருக்கு ஒன்று, நாடார் முதலானோருக்கு ஒன்று, நடுவில் சுவர். இரண்டும் சேருகிற இடத்தில் பீடம். ஒரே பூசையை இரண்டு கூட்டமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கண்டார்கள். 1910-ல் பங்குத்தந்தை கௌசானல் அந்தச் சுவரை இடித்தார். வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் சுவர் திரும்ப எழும்பவில்லை.

என்னைக் கேட்டால், கோபுரம் எழும்பிய நாளைவிட அந்தச் சுவர் விழுந்த நாளுக்குத்தான் முதலில் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். கட்டுவதற்குப் பணம் போதும். இடிப்பதற்குச் சொந்த ஜனங்களையே பகைத்துக்கொள்ளும் துணிச்சல் வேண்டும். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. சபைத் தேர்தல் வந்தால் யார் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்கள். மிச்சச் சுவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் இந்தச் சபைகளிடம் ஒரு நல்ல குணம். நன்றியை வாயோடு நிறுத்துவதில்லை, கையால் கொடுக்கிறார்கள். சமையலுக்கு அரிசி எடுக்கும்போதே ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைத்து ஆலயத்தில் படைக்கும் 'கைப்பிடி அரிசி' வழக்கம் அம்மாக்களால் வந்தது. மிசோரத்திலும் இது உண்டு. அங்கே 'பூஃபை தாம்' என்பார்கள். பெண்கள் எடுத்து வைக்கும் அந்தப் பிடி அரிசி இன்று கோடிக்கணக்கில் பணமாகிச் சபை ஊழியத்தைத் தாங்குகிறது.

நெல்லைச் சபை, வாங்கிய கையாலேயே கொடுக்கவும் தொடங்கியது. 1903-ல், வெள்ளைக்காரப் பணத்தை நம்பாமல், தங்கள் காணிக்கையிலேயே ஊழியரை அனுப்ப இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். போன இடம் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல். அந்தச் சங்கம் தோன்ற முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1912-ல் அதே தோர்ணக்கல்லுக்கு அவர் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுதான் முதல் முறை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அறுப்பின் பண்டிகை. தோட்டத்தில் விளைந்தது, வீட்டில் வளர்ந்தது என்று ஆளாளுக்கு முதல் பலனைக் கொண்டுவந்து ஆலயத்தில் வைப்பார்கள். வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டி, சேவல், ஏதோ ஒரு பாட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்த நாலு முட்டை. ஆராதனை முடிந்ததும் ஏலம். முட்டை ஒன்று ஐந்நூறு ரூபாய்க்குக்கூடப் போகும். ஏலம் எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவார் என்று நினைப்பீர்கள். மாட்டார். "ஆலயத்துக்கே இருக்கட்டும்" என்று திருப்பி வைத்துவிடுவார். அதே முட்டை மறுபடி ஏலத்துக்கு வரும்.