100 பறவைக்கு பெர்மிட், 2,100 பறவை வேட்டை: பாகிஸ்தான் பாலைவனத்தில் என்ன நடக்கிறது?

குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு நண்பர்களோடு பத்து நாள். பாலைவனத்தில் கூடாரம், குளிர், ராத்திரி நெருப்பைச் சுற்றி அரட்டை. இப்படி ஒரு ட்ரிப்புக்கு யாருக்குத்தான் ஆசை இருக்காது? வளைகுடா அரச குடும்பத்தினரும் இதற்காகத்தான் குளிர்காலம் வந்தால் பாகிஸ்தானுக்குக் கிளம்புகிறார்கள். கூடவே பழக்கிய வல்லூறுகள், வரிசையாக ஜீப்புகள், சமையல்காரர்கள். குறி ஒரே ஒரு பறவை: ஹௌபாரா.

நம்ம ஊர் கானமயிலுக்குச் சொந்தக்காரப் பறவை இது. கோழியைவிடக் கொஞ்சம் பெரிசு, மணல் நிறம். வல்லூறு பாய்ந்தால் பிசுபிசுப்பான எச்சத்தைப் பீய்ச்சி அதன் இறகுகளை ஒட்ட வைத்துவிடும். (தற்காப்புன்னா இதுதான்!) கஜகஸ்தான், மங்கோலியா பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிருக்குப் பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் மாகாணங்களுக்கு வருகிறது. நம்ம ராஜஸ்தானுக்கும் கட்ச்சுக்கும்கூட வரும். அதன் இறைச்சி ஆண்மையைக் கூட்டும் என்று ஒரு நம்பிக்கை வேறு. ஜீப்பும் துப்பாக்கியும் வந்தபிறகு அரேபியப் பாலைவனங்களில் ஹௌபாரா அருகிப் போனது. அதனால்தான் அடுத்த நாட்டுக்குப் பயணம்.

பெர்மிட் கொடுப்பது யார்?

இங்கேதான் எனக்கு முதல் உறுத்தல். உள்ளூர்க்காரர் ஹௌபாராவைச் சுட்டால் குற்றம். வளைகுடா விருந்தினருக்கோ சிறப்பு பெர்மிட். அதை வழங்குவது வனத்துறையில்லை, வெளியுறவு அமைச்சகம்! அதாவது எத்தனை பறவை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிற வேலையே இல்லாத ஒரு துறை, எத்தனை சாகலாம் என்று முடிவு செய்கிறது.

வழக்கமான பெர்மிட்டில் 10 நாளுக்கு 100 பறவைகள். 2014 ஜனவரியில் பலூசிஸ்தானின் சாகாய் மாவட்டத்தில் முகாமிட்ட ஒரு சவுதி இளவரசரின் குழு, 21 நாளில் 2,100 பறவைகளை வேட்டையாடியதாக அங்குள்ள வன அதிகாரியின் அறிக்கையே சொன்னது. 2015 ஆகஸ்டில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் இந்த வேட்டைக்கு மொத்தமாகத் தடை போட்டது. வளைகுடா நாடுகளுடனான உறவு கெடுகிறது என்று அரசு போய் நின்றது. 2016 ஜனவரியில் அதே நீதிமன்றம் தடையை விலக்கிக்கொண்டது. ஐந்தே மாதம்.

இதை ஆதரிப்பவர்களிடமும் நியாயம் இருக்கு. ஷேக்குகள் வந்துபோகும் ரஹீம் யார் கானில் விமான நிலையமும் மருத்துவமனையும் ஷேக் சாயித் பெயரில்தான் இருக்கின்றன. வழிகாட்டி, காவல், சமையல் என்று கிராமத்துக்கு வருமானம் வருகிறது. அபுதாபி அமைப்பு ஒன்று ஹௌபாராவைப் பண்ணையில் வளர்த்துக் காட்டில் விடுகிறது. வல்லூறு வேட்டை 2010-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. எல்லாம் சரி. ஆனால் பாரம்பரியம் என்றால் பெர்மிட்டில் எழுதிய எண்ணிக்கையையாவது மதிக்கணும் இல்லையா? மருத்துவமனை கட்டிக் கொடுத்தவரின் முகாமுக்குள் போய், செத்த பறவைகளை எந்த உள்ளூர் அதிகாரி எண்ணுவார்?

எண்ணத் துணிந்தவருக்கு என்ன ஆனது?

2021 நவம்பரில் சிந்து மாகாணத்தில் ஓர் இளைஞர், தன் ஊர்ப் பக்கம் வெளிநாட்டு விருந்தினர்கள் ஹௌபாரா வேட்டையாடுவதைத் தடுத்து, வீடியோ எடுத்து வெளியிட்டார். மிரட்டல் வருகிறது என்றும் இன்னொரு வீடியோவில் சொன்னார். அடுத்து கராச்சி புறநகர் மாலிரில், சிந்து சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் பண்ணை வீட்டில் சடலமாகத்தான் கிடைத்தார். உடல் முழுக்க சித்திரவதைக் காயங்கள்.

இதோடு இன்னொரு சம்பவத்தைச் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2015 டிசம்பரில், இதேபோல ஈராக்கின் தெற்குப் பாலைவனத்துக்கு வேட்டைக்குப் போன கத்தார் குழுவை ஆயுதக் கும்பல் கடத்தியது. அரச குடும்பத்தினர் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர். வேட்டை ட்ரிப் என்று கிளம்பியவர்கள் வீடு திரும்ப 16 மாதம் ஆனது. கத்தார் அரசு விடவில்லை; பேச்சுவார்த்தை சிரியா போர்க்களம் வரை நீண்டது, பெரும் பணம் கைமாறியதாகச் செய்திகள் வந்தன. 2017 ஏப்ரலில் தனி விமானத்தில் தோஹா போய்ச் சேர்ந்தார்கள்.

மாலிர் வழக்கில் 2022-ல் அந்த இளைஞரின் மனைவி ஒரு வீடியோ வெளியிட்டார். குற்றம்சாட்டப்பட்டவர்களை மன்னிப்பதாக அதில் சொன்னார். போராட ஆசைதான், ஆனால் சொந்தக்காரர்களே தனியாக விட்டுவிட்டார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள் என்றார்.