கோல் பிடிக்கும் கைக்குச் சொல் வேண்டாவா?

தமிழில் ஒன்றைச் சொல்ல முற்படும் போதெல்லாம் ‘இயலாது’ என்று முன்வந்து நிற்போர் சிலர் உளர். மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுத இயலாது என்றனர். 19-ஆம் நூற்றாண்டிலேயே கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணத்தில் அதனைத் தமிழில் எழுதியும் கற்பித்தும் காட்டினார். அறிவியலைச் சொல்ல இயலாது என்றனர், அதுவும் சொல்லப்பட்டது. தோற்ற இடமெல்லாம் விட்டு இன்று அவர்கள் ஒதுங்கி நிற்கும் இடங்களுள் ஒன்று விளையாட்டு. “பில்லியர்ட்சு, பூல், சுனூக்கர் என்பன வெள்ளையனின் ஆட்டங்கள், அவற்றின் சொற்களும் அவனுடையவை, அவற்றைத் தமிழாக்க முனைவது வெறும் பித்து” என்பது அவர்தம் கூற்று. இக்கூற்றின் வேரைச் சற்றே அகழ்ந்து பார்த்தல் வேண்டும்.

சுனூக்கர் என்னும் சொல் எங்கிருந்து வந்தது? நூலோர் ஆய்ந்து ஆக்கிய கலைச்சொல்லா அது? அன்று. இங்கிலாந்தில் ஊலிச்சு என்னுமிடத்துப் படைப் பள்ளியில் முதலாண்டுப் பயிற்சியாளரை மூத்தோர் எள்ளி அழைத்த வசைப்பெயர் அது. 1875-இல் சபல்பூரில் படை அலுவலர் உணவு மனையில், நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் அலுவலர், 15 செம்பந்துகளைக் கொண்டு ஆடப்பட்ட பழைய ஆட்டத்தோடு கரும்பந்தையும் பிற நிறப் பந்துகளையும் சேர்த்துப் புத்தாட்டம் ஒன்றை அமைத்தார். உடனாடிய ஒருவர் பந்தைப் பையில் வீழ்த்தத் தவறியபோது, அவ்வசைப்பெயரைச் சொல்லி அவரை நகையாடினார். அந்நகைச்சொல்லே ஆட்டத்தின் பெயராய் நிலைத்தது. இவர் இங்கிலாந்தின் தலைமையமைச்சராய் இருந்த அதே பெயரினர் அல்லர், வேறொருவர். ஆட்டத்தின் தோற்றத்தை 1938-இல் இவரே மடல் எழுதி உறுதி செய்துள்ளார்.

படைவீரன் ஒருவனின் வாயில் பிறந்த வசைச்சொல் உலகச் சொல்லாகலாம். ஈராயிரம் ஆண்டு இலக்கியம் கண்ட மொழியின் சொல் மட்டும் ஆட்டக்களத்தில் ஒலித்தல் ஆகாதாம்! என்னே இவர்தம் முறைமை!

மற்றச் சொற்களின் வரலாறும் இத்தகையதே. பில்லியர்ட்சு என்பது கோல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. அக்கோலை ஆங்கிலவர் அழைக்கும் ‘கியூ’ என்னும் பெயர், வால் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். இரு பந்துகளை ஒருங்கே தாக்குவதைக் குறிக்கும் ‘கேனன்’, பீரங்கியைக் குறித்த சொல்லன்று; ‘கேரம்’ என்பதன் திரிபு. “ஆங்கிலம் இங்ஙனம் கடன் வாங்கியதன்றோ? தமிழும் வாங்கினால் என்ன?” என்று உடனே கேட்பர். கடன் வாங்கிய ஆங்கிலவன் தன் நாவுக்கேற்பச் சொல்லை உருமாற்றித் தனதாக்கிக் கொண்டான். தமிழ்ப்பிள்ளையோ பொருளறியாது ஒலியை மட்டும் சுமக்கின்றான். கோல் என்னும் சொல் தன் வீட்டிலேயே இருக்க, கோலைக் குறிக்கும் சொல்லை அயலான் வீட்டில் இரந்து நிற்பானேன்?

அடுத்து, அவ்வாட்டம் எங்கே நெறி பெற்றது என்பதைக் காண்க. 1881-இல் சென்னைப் படைத் தலைவராகப் பொறுப்பேற்ற பிரெடரிக்கு இராபர்ட்சு என்பாரிடம் சேம்பர்லேன் பணிபுரிந்தார். கோடையில் அத்தலைவர் உதகைக்குச் செல்வார். இவரும் உடன் செல்வார். ஆட்டத்தின் விதிகள் 1882-இல் உதகை மன்றத்திலே முறையாக வரையப்பெற்று, அங்குள்ள ஆட்ட அறையின் சுவரில் தொங்கவிடப்பட்டன. 1885-இல் இந்தியா வந்த புகழ்பெற்ற ஆட்டக்காரர் சான் இராபர்ட்சு, கல்கத்தாவில் சேம்பர்லேனைக் கண்டு விதிகளைக் கேட்டறிந்தார். அவர் வழியே ஆட்டம் இங்கிலாந்து சென்றது என்பர்.

இங்கே தமிழர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். இவ்வாட்டம் உதகையில் பிறந்தது என்றோ, தமிழரின் பழைய ஆட்டம் என்றோ பெருமை பேசுதல் பொய். பிறந்த இடம் சபல்பூர், ஆக்கியவர் ஆங்கிலவர், நெறி வரையப்பெற்ற இடம் மட்டுமே இம்மண். பொய்ப் பெருமையால் தமிழ் வளராது, மெய்யே போதும். தோடரும் கோத்தரும் படுகரும் வாழும் நீலமலையில், வெள்ளையர் தமக்கென அமைத்த மன்றத்தில், ஆங்கிலத் தாள் ஒன்று தொங்கியது என்பதே அம்மெய். ஆண்ட வெள்ளையன் அதனைத் தமிழில் எழுதித் தொங்கவிடாதது வியப்பன்று. அவன் அகன்ற பின்னும் ஆட்டக் கூடங்களின் சுவரில் தமிழ் ஏறாததே வியப்பு.

‘இயலாது’ என்போர் கீழ்வருவதைப் படித்துப் பார்க்க.

கற்பலகை மீது பச்சைக் கம்பளித் துணி விரித்தது மேடை. அதன் ஓரத்தில் பந்தை மீளத் தள்ளும் மெத்தை விளிம்பு. விளிம்பினிடையே ஆறு பைகள். கோலால் அடிக்கப்படுவது அடிபந்து. பிற பந்தைப் பையிற் சேர்த்தல் வீழ்த்தல். பிழையின்றி ஒருவர் இடையறாது ஈட்டும் புள்ளிகள் தொடர்.

பில்லியர்ட்சு மூன்று பந்துகளால் ஆடப்படுவது. அதனை முப்பந்தாட்டம் எனலாம். அடிபந்து மற்ற இரண்டையும் தொட்டால் இணையடி, 2 புள்ளி. செம்பந்தை வீழ்த்தினால் 3. எதிராளியின் பந்தை வீழ்த்தினால் 2. அடிபந்து ஒன்றைத் தொட்டுவிட்டுத் தானே பையில் வீழ்ந்தால் தொட்டுவீழ்ச்சி. செம்பந்தைத் தொட்டிருப்பின் 3, எதிராளியின் பந்தைத் தொட்டிருப்பின் 2. பையே இல்லாத மேடையில் இணையடி ஒன்றையே குறியாகக் கொண்டு ஆடும் வகையும் உண்டு.

சுனூக்கரில் பந்துகள் 22. செம்பந்து 15, ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கருப்பு 7. ஒரு செம்பந்து, அதன்பின் ஒரு நிறப்பந்து என மாறி மாறி வீழ்த்த வேண்டும். செம்பந்துகள் தீருமளவும் நிறப்பந்து தன்னிடத்தில் மீள வைக்கப்படும். தீர்ந்த பின் மஞ்சள் முதல் கருப்பு ஈறாக வரிசையில் வீழ்த்தப்படும். எதிராளியின் பிழையின்றி ஒருவர் எய்தத்தக்க மேல்தொடர் 147. பிழைக்கு ஒறுப்பு 4 முதல் 7 புள்ளி. அடிக்க வேண்டிய பந்துக்கு நேர்வழி இல்லாவாறு வேறொரு பந்து இடைநிற்பின் அது மறிப்பு. ஆங்கிலவர் இந்நிலையையும் ஆட்டத்தின் பெயராலேயே குறிப்பர். ஆகவே அது மறிபந்தாட்டம். வசைச்சொல்லினும் இப்பெயர் பொருள் விளக்குகின்றதா இல்லையா?

பூல் என்பது ஆடுவோர் கூட்டிவைத்த பணையத்தைக் குறித்த பெயர். சூதின் பெயரைத் தமிழ்ப்பிள்ளை சுமக்க வேண்டா. அதன் பந்துகளில் இலக்கம் பொறித்திருத்தலின் எண்பந்தாட்டம் என்க. ஒரு வகையில் ஒருவர்க்கு 1 முதல் 7 வரையும், மற்றவர்க்கு 9 முதல் 15 வரையும் உரியவை, தம் ஏழையும் வீழ்த்திய பின்னரே 8-ஐ வீழ்த்த வேண்டும், முந்தினால் தோல்வி. ‘எண்’ என்னும் சொல் இலக்கத்தையும் எட்டையும் ஒருங்கே குறித்தல் தமிழுக்கு வாய்த்த நலம். மற்றொரு வகையில், மேடைமேல் உள்ளவற்றுள் சிறிய எண்ணையே அடிபந்து முதலில் தொட வேண்டும். முறைப்படி 9-ஐ வீழ்த்தியவர் வென்றார்.

எங்கே இடறியது தமிழ்? எந்த விதி புரியாது போயிற்று? சுண்டாட்டப் பலகையில் விளிம்பில் மோதிப் பைக்குக் காயை அனுப்பும் தெருப்பிள்ளைக்கு இதில் எது அயல்?

“இது செல்வர் ஆட்டம், இதற்கேன் தமிழ்?” என்பர் வேறு சிலர். 12 அடி நீள மேடையை ஏழை வாங்க இயலாது என்பது மெய்யே. ஆனால், பொருளால் ஒரு வேலி இருக்க, மொழியால் இன்னொரு வேலி எதற்கு? முதல் வேலியை அகற்றப் பணம் வேண்டும். இரண்டாவதை அகற்ற மனம் ஒன்றே போதும். சென்னையைச் சேர்ந்த அனுபமா இராமச்சந்திரன் 2025-இல் தோகாவில் உலகப் பட்டம் வென்றார். அச்செய்தி கேட்டு, “அவ்வாட்டம் எப்படி?” என்று வினவும் ஊர்ப்புறச் சிறுமிக்கு விடை அவள் மொழியில் கிடைத்தல் வேண்டாவா?

தமிழ்ப்பற்றாளர்க்கும் ஒரு சொல். சொல்லாக்கி ஏட்டில் இட்டு உறங்குதல் பற்றன்று. கோல் பிடிப்பவன் நாவில் ஏறாத சொல் பிறந்தும் பயனின்றிக் கிடக்கும். ஆடுவோரைக் கூட்டுக, சொற்களை அவர்முன் வைத்து ஆடிப் பார்க்க, நாவுக்கு ஒவ்வாததைத் திருத்துக, ஒத்ததை வழங்குக.

1882-இல் உதகைச் சுவரில் தொங்கிய ஒரு தாளே ஓர் ஆட்டத்துக்கு நெறி தந்தது. தமிழகத்து ஆட்டக் கூடந்தோறும் தமிழில் ஒரு தாள் தொங்கட்டும். வேண்டுவது அவ்வளவே, அதையும் செய்யாதவர் தமிழால் இயலாது எனல் வேண்டா, தம்மால் இயலவில்லை என்று ஒப்புக!