பாச்சாங் வானத்தில் நட்சத்திரங்கள் குறைவது ஏன்?

பாச்சாங்கில் வீட்டு வாசலில் நின்று இரவு வானத்தைப் படம் எடுத்துப் பார்த்திருக்கீங்களா? கறுப்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறம்தான் விழும். கேமராவைக் குறை சொல்லாதீங்க. தெருவிளக்கு, கடை விளக்கு எல்லாம் மேலே போய், ஈரக்காற்றிலும் தூசியிலும் சிதறித் திரும்பும் வெளிச்சம் அது. இதுதான் ஒளி மாசு.

2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் அனுப்பிய 51,000 பதிவுகளை ஆராய்ந்து, 2023-இல் ‘சயன்ஸ்’ இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடுகிறதாம். இந்த வேகத்தில் போனால், பிள்ளை பிறக்கும்போது 250 நட்சத்திரங்கள் தெரிந்த இடத்தில், அதன் 18 வயதில் 100தான் மிஞ்சும்.

எல்இடியின் நீல ஒளியைச் செயற்கைக்கோள்கள் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் தரையிலிருந்து பார்ப்பவர்களின் பதிவு முக்கியம்.

பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு ஓரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேல் நிற்கும். அதில் சிவப்பாகத் தெரிவது நம்ம திருவாதிரை. கைப்பேசியை முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ 800, 10 விநாடி என்று எடுங்க. அடுத்த ஆண்டும் அதே இடம், அதே அமைப்பு. இரண்டையும் ஒப்பிட்டால் மாற்றம் புரியும்.

மற்ற மாசு போல இது தங்காது. விளக்கை அணைத்தால் உடனே போய்விடும். முதலில் உங்க வாசல் விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புங்க.