மாருதி 800க்கு எதுக்குங்க சிங்க கர்ஜனை?

பழைய மாருதி 800 வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் பத்து நிமிஷத்தில் பேச்சு சைலன்சருக்கு வந்துவிடுகிறது. "ஃப்ரீ ஃப்ளோ போடப் போறேன் மச்சி, பிக்கப் எகிறிடும்" என்பார்கள். எகிறாது என்பது என் கட்சி. பி.காம். படிக்கிறவனுக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள், இதில் பாதி வெறும் கணக்குதான்.

1983 டிசம்பரில் வந்த முதல் வண்டியே 796 சிசி, மூன்று சிலிண்டர், 40ஐ ஒட்டிய குதிரைசக்தி. சைலன்சர் மாற்றினால் 5 சதவீதம் கூடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 2 குதிரை. பின் சீட்டில் இருக்கும் நண்பரை இறக்கிவிட்டால் இதைவிட வித்தியாசம் தெரியும் :-)

அந்த இரண்டும் சும்மா வராது. புகை போகும் வழியை மட்டும் தாராளமாக்கிவிட்டு கார்புரேட்டரை அப்படியே விட்டால், கலவையில் பெட்ரோல் குறைந்துபோக வாய்ப்புண்டு. பைப் ரொம்பப் பெரிதானால் இன்னொரு வம்பு. ஒரு சிலிண்டரின் புகை வேகமாக ஓடினால்தான் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். அகலமான பைப்பில் அந்த வேகம் செத்துவிடும். சிக்னலில் கிளம்பும்போது தேவைப்படும் இழுவைதான் முதலில் அடிவாங்கும்.

மிச்சம் இருப்பது சத்தம். 3000 ஆர்.பி.எம்.மில் இந்த இஞ்சின் நொடிக்கு 75 முறை புகை தள்ளுகிறது, நாலு சிலிண்டர் வண்டி 100 முறை. நம் வண்டி தொண்டை கட்டிய மாதிரி கரகரப்பது அதனால்தான். சைலன்சரைப் பிடுங்கினால் அந்தக் கரகரப்பு பெரிதாகுமே தவிர, சிங்கம் வராது.

என் பெரியப்பா வீட்டு அண்ணனிடம் 1985 மாடல் ஒன்று இருக்கிறது, பெரியப்பா வாங்கியது. அதன் சைலன்சர் நிஜமாகவே ஓட்டை. அதை மாற்றத்தான் வேண்டும், ஆனால் காரணம் வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். பக்கத்துக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் பைப் முழுசாகச் சூடாகாது. தண்ணீர் உள்ளேயே தங்கி அரிக்கும். பைப் ஓட்டை, அதற்கு மேல் தரையும் துரு என்றால், கார்பன் மோனாக்சைடு நேராக உள்ளே வரும். அதற்கு வாசனையே கிடையாது. அண்ணன் பிள்ளைகள் பின் சீட்டில்தான் தூங்குவார்கள். இதைச் சொன்ன பிறகுதான் அண்ணன் 'சவுண்ட் எப்படி இருக்கும்'னு கேட்பதை நிறுத்தினார்.

சட்டமும் இருக்கிறது. சத்த விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)படி 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறையும் உண்டு. வண்டியே முதலில் வந்தபோது சுமார் 50,000 ரூபாய்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்!

சரி, என்னதான் போடுவது? கம்பெனி மாடலில் நல்லது கிடைத்தால் அதுவே போதும். கிடைக்காவிட்டால் எஸ்.எஸ். பைப்பில், பழைய அளவிலேயே, உள்ளே தடுப்புகள் உள்ள முழு சைலன்சரோடு செய்யச் சொல்லுங்கள். ஃப்ளேஞ்ச் கேஸ்கெட்டும் தொங்கவிடும் ரப்பர்களும் புதிதாக இருக்கட்டும். சென்னையில் புதுப்பேட்டையில் அலைந்து பழைய சரக்கு வாங்குவதாக இருந்தால் குலுக்கிப் பாருங்கள், உள்ளே கலகலவென்றால் வேண்டாம்.

முக்கியமாக, கழற்றிய சைலன்சரை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வளைவுக்கு அளவெடுக்க வெல்டிங் கடைக்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.