மருமகனை வேட்டைக்குக் கூட்டிப் போகலாமா?

சித்திரை விடுமுறைக்கு இரண்டு கிழமை இருக்க வட்சப்பில் வந்த ஒரு குரல் பதிவில் இருந்துதான் சண்டை தொடங்கியது. எங்கள் குழுவில் ஒருத்தியின் அண்ணா ஒட்டுசுட்டான் பக்கம் தோட்டம் செய்கிறவர். கொட்டாஞ்சேனையில் தொடர்மாடி வீடொன்றில் வளரும் தன்ர 13 வயது மருமகனுக்கு அனுப்பியிருந்தார்: “தம்பி, இந்த முறை கட்டாயம் வா. விடியக்காலமை காட்டுக்கோழிக்குப் போவம். உனக்கு வெடி வைக்கப் பழக்கிறன்.”

பெடியன் துள்ளிக் குதித்தான். தாய், “மாமாவோடதானே, போயிட்டு வரட்டும்” என்றார். எங்களுக்குள்தான் இரவு ஒரு மணி வரைக்கும் வாக்குவாதம். ஒருவர், “இது சட்டவிரோதம், கதை முடிஞ்சுது” என்றார். மற்றவர், “வன்னியில பரம்பரையா செய்யிறதைப் பிழையெண்டு சொல்ல வெள்ளவத்தையில ஏசிக்குக் கீழ இருக்கிற நாங்கள் ஆர்?” என்று கேட்டார். இரண்டு பேரிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருந்தது. எங்களைக் கரைச்சல்படுத்தியதும் அதுதான்.

முதலில் சட்டம். வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. பிறகு பல தடவை திருத்தி இறுக்கியிருக்கிறார்கள். காட்டுக்கோழி எங்கட நாட்டின் தேசியப் பறவை, இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் இல்லாத இனம். அதைச் சுடுவது குற்றம். இதில் சாட்டுப்போக்குக்கு இடமில்லை.

ஆனால் அந்தச் சட்டம் பிறந்த கதையைப் படித்தால் வன்னிக்காரருக்கு ஏன் அதில் ஒட்டுதல் இல்லை என்பதும் விளங்கும். இந்தத் தீவின் பெரிய மிருகங்களை விளையாட்டுக்காகக் கொன்று குவித்தது துரைமார். மேஜர் ரொஜர்ஸ் என்றொருவர் 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்துப்போனார் (யானைகளின் வயித்தெரிச்சல் என்று எங்கட அம்மம்மாமார் சொல்லியிருப்பினம்). யாலவில் ஒரு பகுதியை வெள்ளைக்காரர் வேட்டையாடவென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். மிருகம் குறைந்த பிறகுதான் பாதுகாப்பு பற்றி யோசனை வந்தது. அந்தத் தடை காட்டோடு வாழ்ந்தவனின் வீட்டு வாசலிலும் வந்து நின்றது. 1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்காவாக்கியபோது வேடர்களுக்கும் அதுதான் நடந்தது. பரம்பரையாக நடந்து திரிந்த காட்டுக்குள் வேட்டைக்குக் கால் வைத்தால் அவர்கள் குற்றவாளிகள்.

எங்கட இலக்கியத்திலும் வேட்டை வெட்கப்படவேண்டிய விஷயமாக இருந்ததில்லை. 1973இல் வந்த பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யை இன்னும் வாசிக்காதவர்கள் தேடி வாசியுங்கள். தண்ணிமுறிப்புக் காட்டுச் சனத்தின் கதை. கோயிலிலும் வேட்டைத் திருவிழா இருக்கிறது. வள்ளியே வேடர் வீட்டுப் பிள்ளைதானே.

வாக்குவாதத்தின் நடுவில் ஸ்காபரோவில் இருந்து ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரும் நுழைந்தார். “நீங்கள் ஏன் இப்பிடி அடிபடுறியள்? இங்க 12 வயசுப் பிள்ளையையே தகப்பன்மார் வான்கோழி வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போயினம். சட்டப்படி.” எங்களுக்கு வான்கோழி என்றால் நத்தார் மேசையும் மூதுரைப் பாட்டும்தான். அது காட்டில் பறக்கும், மரத்தில் தூங்கும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. சரி, என்னவென்று பார்ப்போம் என்று தேடிப் படித்தோம்.

படித்தது சுவாரசியமாகத்தான் இருந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் காட்டு வான்கோழி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இல்லாமல் போய்விட்டது. 1984இல் அமெரிக்க மாநிலங்களில் இருந்து கொண்டுவந்து திரும்பவும் காட்டில் விட்டார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1930களில் இரண்டு இலட்சமளவுக்கு விழுந்த தொகை இன்றைக்கு 60 இலட்சத்தைச் சுற்றி நிற்கிறது. அதற்குப் பெரிய காரணம் துவக்கு, ரவை விற்பனையில் வரி எடுத்து அதைக் காட்டுயிர்களுக்கே செலவழிக்கச் சொல்லும் சட்டம். அந்தச் சட்டம் வந்த வருஷமும் 1937.

வசந்த கால வேட்டை சித்திரைக் கடைசியில் தொடங்கும். அது பறவைகள் சோடி சேரும் காலம். விடியப்புறம் சேவல் தோகையை விரித்துக் கொக்கரிக்கும். வேட்டைக்காரன் மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் இருந்து, சின்னப் பலகைத் துண்டையோ சிலேற்றையோ உரசி பேட்டின் குரலில் கூப்பிடுவான். சேவல் தேடி வரும். நெஞ்சில் தாடி மாதிரி மயிர் தொங்கும் பறவையை மட்டும்தான் சுடலாம், அப்படித் தாடி உள்ளது பெரும்பாலும் சேவல்தான். பேடு முட்டைக்கு இருக்கவேண்டும் என்பது கணக்கு. சிவப்பு, வெள்ளை, நீல உடுப்பு போடக்கூடாது என்றும் பழக்குகிறார்கள். சேவலின் தலையில் இருக்கும் நிறங்கள் அவை, இன்னொரு வேட்டைக்காரன் உங்களைப் பறவையென்று நினைத்து வெடி வைத்துவிடுவான். 12 வயதுப் பிள்ளை என்றால் முதலில் பாடநெறி படித்துப் பரீட்சை எழுதவேண்டும், பெற்றோர் சம்மதம் வேண்டும், பெரியவர் ஒருவர் கூட நிற்கவேண்டும். முக்கியமாக, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு துவக்குத்தான்.

இந்தக் கடைசி விதி எங்களுக்கு நல்லாப் பிடித்தது. ஆனால், “அப்ப இங்கயும் இப்பிடி அனுமதிப் பத்திரம் குடுக்கலாமே” என்று ஒருவர் சொன்னபோது எங்களால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அங்கே பறவையை எண்ணுகிறார்கள், எத்தனை சுடலாம் என்று வரையறுக்கிறார்கள், சுட்டவன் கணக்குக் கொடுக்கவேண்டும். இங்கே 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போறம் என்று அமைச்சரே சொன்னார், வழக்கு வந்ததும் அது நின்றது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியில் இருந்து 8.05 வரை நாடு முழுக்கச் சனம் தங்கட காணிகளில் நின்ற குரங்கையும் மர அணிலையும் மயிலையும் எண்ணியது. ஐந்து நிமிஷம்! தோட்டக்காரரின் கஷ்டத்தை நாங்கள் பகிடி பண்ணவில்லை. ஒரு இரவில் மரவள்ளியைப் பன்றி கிளறிவிட்டால் அந்தப் போகம் போச்சு. ஆனாலும் எண்ணத் தெரியாத நாட்டில் சுட அனுமதி கேட்பது பயமாக இருக்கிறது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பெடியன் போகட்டும், எங்களில் மூன்று பேர் கூடப் போவோம், துவக்கு வீட்டில் இருக்கட்டும். மாமாவுக்குத் துண்டாகப் பிடிக்கவில்லை. “துவக்கில்லாமப் போறதெண்டால் அது வேட்டையில்லை, உலாத்து” என்றார். தோட்டத்துப் பன்றிக்கென்று அனுமதியோடு எடுத்த துவக்கு அது. அலுமாரிக்குள் பூட்டித் திறப்பைத் தங்கச்சியிடம் கொடுத்தார். முகத்தை மட்டும் இரண்டு நாள் தூக்கி வைத்திருந்தார்.

விடிய நாலரைக்கு வெளிக்கிட்டோம். குளக்கட்டால் நடந்து பற்றைக்காட்டு ஓரத்துக்கு வர ஐந்தரை. கதைக்கக்கூடாது, இருமக்கூடாது, நுளம்பை அடிக்கக்கூடாது. போன் எல்லாம் நிப்பாட்டியாச்சு. மாமா பெடியனைத் தனக்கு முன்னால் இருத்தினார். சாரத்தின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொடையில் படபடவென்று அடித்தார். சேவல் செட்டை அடிக்கிற சத்தம் அச்சாக அப்படியே! வேறொரு சேவல் தன்ர இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அங்கிருக்கிற சேவல் கோபத்தில் வரும். ஒன்ராறியோவில் பேட்டின் குரல், இங்கே எதிரியின் செட்டை. பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு இடது பக்கம் சருகுச் சத்தம். செம்மஞ்சள் உடம்பு, சிவப்புக் கொண்டைக்கு நடுவில் மஞ்சள். எங்களுக்கும் அதற்கும் இடையில் ஒரு முச்சக்கரவண்டி நீளம்கூட இருக்காது. கழுத்தைச் சரித்துப் பார்த்தது, ஒரு தரம் கூவியது, காட்டுக்குள் போய்விட்டது.

இதைப் பார்த்துப் பெடியன் மனம் மாறிவிட்டான் என்று எழுதினால் பொய். அவன் சொன்ன முதல் வார்த்தை: “துவக்கு இருந்திருந்தா விழுந்திருக்கும், என்ன மாமா?” அந்தச் சேவல் நின்ற கணத்தில் எங்கள் மூன்று பேருக்கும் அதே நினைப்புத்தான் வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

திரும்பி வரும்போது மாமா நொண்டி நொண்டி நடந்தார். அவருடைய இடது காலைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. வன்னியில் ஒருத்தர் நொண்டினால் ஷெல் என்றோ மிதிவெடி என்றோ நாங்களே முடிவெடுத்துவிடுவோம். பெடியன் கேட்டான். அவர் சொன்னார், “சண்டை முடிஞ்சாப் பிறகு நடந்தது தம்பி. மாடு தேடிப் போகேக்க கட்டுத்துவக்கு. பன்றிக்குக் கட்டினது. கட்டினவன் ஆரெண்டும் எனக்குத் தெரியும், நல்ல பெடியன்தான்.”

கட்டுத்துவக்கு தெரியாதவர்களுக்கு: இரும்புக் குழாயில் மருந்தும் ஈயமும் அடைத்து, மிருகம் போற பாதைக்குக் குறுக்கே கம்பி இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். கம்பியில் படுவது பன்றியா, மாடா, விறகுக்குப் போன அம்மாவா என்று அதற்குத் தெரியாது. கம்பிக் கண்ணியும் அப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அருமையான கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் மாட்டி, சில நாளில் செத்தது. ‘ஹக்க பட்டாஸ்’ அதைவிட மோசம். சாப்பாட்டுக்குள் வெடியை ஒளித்து வைப்பது. யானைக்குட்டி கடித்து வாய் சிதறினால் சாகும்வரைக்கும் தண்ணிகூடக் குடிக்க ஏலாமல் அலையும்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். மாமாவின் வேட்டையில் ஒரு ஆள் அங்கே இருக்கிறார். பார்க்கிறார், பொறுக்கிறார், வேண்டாமென்று விடவும் அவரால் முடியும். கட்டுத்துவக்கில் ஆளே இல்லை. சட்டத்தின் முன் இரண்டும் குற்றம், சரி. ஆனால் முதலாவதைத் தெரிந்த தலைமுறை சத்தமில்லாமல் முடிந்துகொண்டிருக்கிறது, இரண்டாவது பெருகுகிறது. காட்டுக்குள் கூட்டிப் போய்த் தடம் பார்க்க, காற்றுப் பார்க்க, சும்மா இருக்கப் பழக்காத பெடியனுக்குக் காடு என்றால் பயமும் இறைச்சியும் மட்டும்தான். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையை அடித்துக் கொன்று போனில் படம் எடுத்தார்களே, அந்த வீடியோவில் நின்றவர்களில் எங்கட வயதுக்காரரும் இருந்தார்கள்.

ஆகவே மருமகனைக் கூட்டிப் போங்கள், துவக்கை விட்டுவிட்டுப் போங்கள். இது பாதி வேட்டை என்று மாமா சொல்வது உண்மைதான். சாப்பாட்டுக்காக ஒரு உயிரை எடுக்கிற பாரத்தை அவன் இதில் பழகமாட்டான். அந்தக் குறையோடுதான் இதைச் சொல்கிறோம்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது, அது கொழும்புக்காரருக்கு. வன்னிப் பக்கம் இருந்து வெள்ளவத்தைக்கு வரும் இரவு பஸ்ஸில் சில நேரம் ஒரு பார்சல் வரும். வாழைச்சருகில் சுத்தின வத்தல் இறைச்சி. மரையா, மானா, எப்படிப் பிடித்தது, ஒருத்தரும் கேட்பதில்லை. “ஊர் இறைச்சி” என்று பெருமையாக அயலுக்கும் பங்கு போகும். கட்டுத்துவக்குக் கட்டுகிறவனுக்குச் சந்தை நாங்கள்தான். காட்டுக்கோழிக்காக அந்த இரவு முழுக்கச் சண்டை பிடித்த எங்களில் நாலு பேர் போன மார்கழியில் அதைச் சாப்பிட்டவர்கள்.

போன மாதமும் பார்சல் வந்தது. மாமா அனுப்பியதில்லை, ஊரில் வேறொரு சொந்தக்காரர். பெடியன்தான் அம்மம்மாவிடம் கேட்டான், “இது சுட்டதா, கட்டினதா?” அம்மம்மாவுக்குத் தெரியவில்லை. சித்திக்காரி, “அப்ப வேண்டாம், திருப்பி அனுப்புவம்” என்று சொல்லிவிட்டாள். பஸ்காரர் திருப்பி எடுத்துப் போகமாட்டேன் என்றார். அது இன்னும் வெள்ளவத்தை வீட்டு பிரிஜ்ஜில் கிடக்கிறது. அம்மம்மா எங்கள் ஒருத்தரோடும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.