விருப்பமும் விசாவும்

வளைகுடாவில் பள்ளி முடிக்கும் நம் பிள்ளைகள் தாயகம் திரும்பிப் பொறியியல் பயில்வது அவர்தம் சுபாவமான விருப்பமே என்றும், அதனை ஆராய்வது வீண் சிரமம் என்றும் வாதிக்கும் நண்பர், 2022 அக்டோபர் வரை அமீரகத்தில் 18 வயது கடந்த மகன், கல்வியைத் தொடர்ந்தாலன்றித் தந்தையின் விசாவில் தங்க இயலாதிருந்ததையும், மணமாகாத மகளுக்கோ அவ்வரம்பே இல்லாதிருந்ததையும் எவ்வாறு மறந்தாரோ, அறியோம். சட்டமும் சேர்ந்து உந்திய பிரயாணத்திற்கு விருப்பம் என்று நாமகரணம் செய்வது விசித்திரந்தான். இன்று அவ்வரம்பு 25 ஆக உயர்ந்துவிட்டது. தாயகம் திரும்பாமலே பொறியியல் பயிலவும் வழியுண்டு: துபாயில் பிட்ஸ் பிலானி 2000 முதலும், அபுதாபியில் ஐ.ஐ.டி. டெல்லி 2024 முதலும் வகுப்பு நடத்துகின்றன. விமானமேறியவனையும், தங்கிப் பயின்றவனையும், பெற்றோர் நிழலில் வேலை தேடும் மகளையும் பல்லாண்டு தொடர்ந்து வினவாமல், நண்பர் எந்த ஆதாரங்கொண்டு தீர்ப்பளித்தார்?